மறுப்புக்கு இடம் தந்த நூல்



நம்மோடு உடன்படாதவர்களிடம் மனந்திறந்து வாதிட்டு, அதன்வழி நம் கருத்தைச் செப்பம் செய்துகொள்வது பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். பொதுவாகப் பேசினால் இது மிக எளிதில் முடிந்துவிடக்கூடிய பொருள். பிறர் சொல்வதையும் கேட்க வேண்டும் என்பதை மறுப்பவர் இந்த அவையில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். எல்லோரும் தலையசைத்துவிட்டு வீடு திரும்பலாம். அப்படி முடிய வேண்டாம் என்பதற்காக ஒரே ஒரு நூலின் கதையை எடுத்துக்கொள்கிறேன். அது நிகழாமல் போன ஒரு சொற்பொழிவின் கதை.

லாகூரில் 1922-இல் தொடங்கப்பட்ட ஓர் அமைப்பு ஜாத்-பாத்-தோடக் மண்டல். சாதியை உடைக்க வேண்டும் என்று சாதி இந்துச் சீர்திருத்தக்காரர்களே சேர்ந்து நடத்திய அமைப்பு அது. ஆரிய சமாஜத்தோடு தொடர்புடையவர்கள் அதில் மிகுதி. 1935 டிசம்பரில் இவர்கள் தங்கள் ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை தாங்க வருமாறு டாக்டர் அம்பேத்கரை அழைத்தார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்புதான், இயோலா மாநாட்டில், தாம் இந்துவாக இறக்கப்போவதில்லை என்று அவர் அறிவித்திருந்தார். அது தெரிந்தே அழைத்தார்கள். பின்னால் நடந்ததை வைத்து அந்த முதல் துணிச்சலை நாம் மறந்துவிடக் கூடாது. அம்பேத்கரும் தயங்கித் தயங்கித்தான் ஒப்புக்கொண்டார்.

தலைமையுரை எழுதப்பட்டு அச்சுக்குப் போனது. அதைப் படித்த மண்டலத்தார் திகைத்தார்கள். சாதியை எதிர்ப்பதோடு உரை நிற்கவில்லை. சாதிக்குக் காவலாக நிற்கும் சாத்திரங்களின் அதிகாரத்தையே அது கேள்வி கேட்டது. இந்து என்ற முறையில் இந்துக்கள் முன் தாம் ஆற்றும் கடைசி உரை இது என்றும் அதில் இருந்தது. சில பகுதிகளை நீக்கித் தரும்படி மண்டலத்தின் சார்பில் ஹர் பகவான் கடிதம் எழுதினார். ஒரு காற்புள்ளியையும் மாற்றுவதற்கில்லை என்று 1936 ஏப்ரல் இறுதியில் அம்பேத்கர் பதில் எழுதினார். தலைவரின் கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக வரவேற்புக் குழுவே தலைவரை நீக்குவது இதுவே முதல் முறையாக இருக்கும் என்று பின்னர் அவர் குறிப்பிட்டார். மாநாடு நடக்கவில்லை. மே மாதம் தம் சொந்தச் செலவில் 1500 படிகள் அச்சிட்டு வெளியிட்டார். விலை எட்டணா. தமிழில் நாம் 'சாதி ஒழிப்பு' என்று அறிந்திருக்கும் நூல் இதுதான். பெரியாரின் 'குடி அரசு' இதன் தமிழாக்கத்தை உடனடியாகத் தொடராக வெளியிட்டது என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி.

இதுவரை உங்களில் பலரும் அறிந்த வரலாறு. நான் உங்கள் கவனத்தைத் திருப்ப விரும்புவது அந்த நூலின் அமைப்பின் பக்கம். முதல் பதிப்பிலேயே, உரைக்கு முன்னால், மண்டலத்தார் எழுதிய கடிதங்களை அம்பேத்கர் முழுமையாக அச்சிட்டிருந்தார். தம்மை மறுத்தவர்களின் நியாயத்தைச் சுருக்கித் தம் சொற்களில் சொல்லவில்லை. அவர்கள் எழுதியதை எழுதியபடியே கொடுத்தார். முதற்பதிப்பு இரண்டே மாதங்களில் தீர்ந்துபோனது. 1936 ஜூலையில் காந்தி 'ஹரிஜன்' இதழில் இதற்கு மறுப்பு எழுதினார். 1937-இல் வந்த இரண்டாம் பதிப்பில், காந்தியின் கட்டுரைகள் அப்படியே இணைக்கப்பட்டன. மண்டலத்தைச் சேர்ந்த சந்த் ராம் காந்திக்கு எழுதிய கடிதமும் சேர்ந்தது. அவற்றுக்குப் பின்னால்தான் அம்பேத்கரின் பதில் வருகிறது. இந்தியாவின் மிகச் செல்வாக்குள்ள மனிதர் தம்மை மறுத்து எழுதியதைத் தம் நூலுக்குள்ளேயே வைத்து, படிப்பவரே முடிவு செய்யட்டும் என்று விட்டவரின் நெஞ்சுரம் எளியதன்று.

காந்தியின் மறுப்பையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அதன் தொடக்கம் பெருந்தன்மையானது. உரையை ஆற்றவிடாமல் செய்தது தவறு என்று மண்டலத்தை அவர் கண்டிக்கிறார். எந்தச் சீர்திருத்தக்காரரும் இந்த உரையைப் புறக்கணிக்க முடியாது, வைதிகர்களும் படித்துப் பயன்பெறலாம் என்கிறார். எட்டணா அதிகம், இரண்டணாவுக்கோ நாலணாவுக்கோ கொடுத்தால் பலர் படிப்பார்கள் என்றும் யோசனை சொல்கிறார். தம்மைத் தாக்கும் நூல் இன்னும் பரவ வேண்டும் என்று விலைக்குறைப்புக் கேட்ட எதிராளியை வேறெங்கும் காண்பது அரிது. பிறகு வாதத்துக்கு வருகிறார். ஒரு சமயத்தை அதன் மிக மோசமான மாதிரிகளை வைத்து எடைபோடக் கூடாது, மிகச் சிறந்தவர்களை வைத்தே எடைபோட வேண்டும் என்கிறார். சைதன்யர், ஞானதேவர், துகாராம் என்று அவர் அடுக்கும் பட்டியலில் நம் திருவள்ளுவரும் இருக்கிறார். வருணம் என்பது பரம்பரைத் தொழிலைக் குறிக்கும் கடமையே, அதில் உயர்வு தாழ்வு இல்லை என்றும் வாதிடுகிறார்.

அம்பேத்கரின் பதில் கூர்மையானது. தாம் எழுப்பிய கேள்விகளைக் காந்தி தொடவே இல்லை என்று வரிசைப்படுத்துகிறார். மகான்கள் சாதியை எதிர்த்துப் போர் தொடுத்ததில்லை, கடவுளுக்கு முன் சமத்துவம் பேசினார்களே தவிர மனிதர்க்கிடையே அதைக் கேட்கவில்லை என்கிறார். பரம்பரைத் தொழில்தான் தருமம் என்றால் வணிகக் குலத்தில் பிறந்த காந்தி வழக்கறிஞரானது எப்படி என்று கேட்கிறார். அவர் மகன் ஒரு பிராமணரின் மகளை மணந்ததையும் சுட்டுகிறார். அந்த மகன் தேவதாஸ். மணமகள் ராஜாஜியின் மகள் லட்சுமி. திருமணம் 1933-இல் நடந்தது. தாக்குதல் தனிப்பட்டதாகத் தோன்றலாம். நான் அப்படி நினைக்கவில்லை. ஒருவர் தம் வாழ்க்கையையே சோதனைக்கூடம் என்று அறிவித்த பிறகு, அந்த வாழ்க்கையைச் சான்றாக எடுத்துக் காட்டுவது முறையான வாதம்தான்.

இங்கே ஒரு பழைய வழக்கத்தை நினைவுகூர வேண்டியிருக்கிறது. எதிர்த்தரப்பை முதலில் சொல்லிவிட்டுப் பிறகே தன் தரப்பை நிறுவுவது நம் தத்துவ நூல்களுக்குப் பழக்கமான முறை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் 'சிவஞான சித்தியார்' நூலைப் பரபக்கம், சுபக்கம் என்று இரண்டாகப் பிரித்தார். பரபக்கத்தில் உலகாயதர் தொடங்கி பௌத்தர், சமணர், மீமாம்சகர், மாயாவாதி எனப் பிற தரப்புகள் வரிசையாக வருகின்றன. ஒவ்வொருவர் கொள்கையும் முதலில், மறுப்பு அதன்பின். உலகாயதத்தின் மூல நூல்கள் இந்தியாவில் அநேகமாக எல்லாம் அழிந்துவிட்ட நிலையில், கடவுள் இல்லை என்றவரின் வாதத்தைத் தமிழில் காப்பாற்றி வைத்தவர்களில் ஒருவர் ஒரு சைவ ஆசாரியர். இன்னொரு சான்று இதைவிட வியப்பானது. ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான குண்டலகேசி நமக்குக் கிடைக்கவில்லை. அதற்கு மறுப்பாகச் சமணர் எழுதிய 'நீலகேசி' கிடைத்திருக்கிறது. அந்தப் பௌத்தக் காப்பியத்தைப் பற்றி இன்று நாம் அறிந்ததில் ஒரு பகுதி 'புறத்திரட்டு' காத்த பாடல்களிலிருந்து வந்தது. இன்னொரு பகுதி அதை வெல்லவே எழுதப்பட்ட நீலகேசியிலிருந்தும் அதன் உரையிலிருந்தும் வந்தது. எதிரியின் நூலுக்கு எதிரியே சுவடிக்காவலர் ஆன கதை இது.

ஆனால் இந்த மரபைப் போற்றுகிறவர்கள் (நானும் அவர்களில் ஒருவன்) ஓர் உண்மையை மூடி மறைக்கக் கூடாது. 'நீலகேசி' காப்பியத்தில் அதன் தலைவி நீலகேசி வாதத்தில் தோற்பதே இல்லை. குண்டலகேசி, அருக்கசந்திரன், மொக்கலன் என ஒவ்வொருவரும் வந்து வாதிட்டுத் தோற்கிறார்கள். பரபக்கத்திலும் மறுப்புக்கு மறுமொழி சொல்ல பௌத்தர் திரும்பி வருவதில்லை. எதிராளியின் வசனத்தை எழுதுகிறவர் எதிராளி அல்லர். அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், எந்தக் கேள்விக்குத் தம்மிடம் பதில் இல்லையோ அந்தக் கேள்வி அவர் கண்ணுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அதற்கும் ஒரு பதில் எழுதியிருப்பார். 1937-இன் இரண்டாம் பதிப்பு பரபக்க மரபைவிட ஒரு படி மேலே நிற்பது இந்த இடத்தில்தான். அங்கே காந்தி பேசுவது காந்தியின் வார்த்தைகளில்.

இன்னொரு குறை இதைவிடக் கனமானது. அந்த வாத மன்றங்களுக்குள் யார் நுழைய முடிந்தது? 'மணிமேகலை' காப்பியத்தில் இதற்கு விடை இருக்கிறது. புகாரில் இந்திர விழாவை அறிவிக்கும்போது, வாதத்தில் வல்லவர்கள் பட்டிமண்டபம் ஏறலாம் என்று அழைப்பு வருகிறது. பகைவரிடமும் சினமும் பூசலும் வேண்டாம் என்ற அறிவுரையும் அங்கேயே வருகிறது. இரண்டாயிரம் ஆண்டுப் பெருமை என்று நாம் மேடைதோறும் சொல்லிக்கொள்ளும் பகுதி இது. பின்னால் மணிமேகலை வஞ்சி மாநகருக்குப் போய்ச் சமயவாதிகள் ஒவ்வொருவரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். எப்படிக் கேட்கிறாள்? தன் உருவத்தை மாற்றிக்கொண்டு, தவசி வடிவில். இளம்பெண் என்று கண்டால் யாரும் மெய்ப்பொருளை எடுத்துச் சொல்லமாட்டார்கள் என்பதால் அவளுக்கு வேற்றுரு கொள்ளும் மந்திரம் முன்பே கொடுக்கப்பட்டிருந்தது. காப்பியத்தை இயற்றிய சாத்தனார் இதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். வாதம் நடக்கிறது, அவை நாகரிகமாக இருக்கிறது, ஆனால் உன் சொந்த முகத்தோடு உள்ளே வர முடியாது.

லாகூரில் நடந்ததும் இதுதானே? அம்பேத்கர் வரலாம், ஆனால் அம்பேத்கராக வர வேண்டாம், நாங்கள் தாங்கக்கூடிய அளவுக்குத் தணிந்த ஒருவராக வாருங்கள் என்பதுதான் அந்தக் கடிதங்களின் சாரம். மண்டலத்தார் கெட்டவர்கள் அல்லர். சாதியை ஒழிக்கத் தங்கள் உறவையும் ஊரையும் பகைத்துக்கொண்டவர்கள். மாற்றுக் கருத்தைக் கேட்க அவர்கள் மனதார விரும்பினார்கள் என்றே நம்புகிறேன். அந்தக் கருத்து தங்கள் வீட்டு அடித்தளத்தைத் தொட்டபோதுதான் கை நடுங்கியது. மனந்திறந்த வாதம் என்று நாம் சொல்லுவதெல்லாம் பெரும்பாலும் இந்த எல்லை வரைக்கும்தான் திறந்திருக்கிறது. நாம் எதை விட்டுக்கொடுக்கத் தயாரோ அதைப் பற்றி மட்டும் அழகாக வாதிடுகிறோம்.

அப்படியானால் மாற்றம் எங்கே நடக்கிறது என்ற கேள்வி வருகிறது. காந்தி மாறினாரா?

1921-இல் அவர் எழுதியதை எடுத்துப் பாருங்கள். கலப்பு மணத்துக்கும் சமபந்திக்கும் உள்ள தடைகள் ஆன்ம வளர்ச்சிக்கு உகந்தவை என்று 'யங் இந்தியா'வில் வாதிட்டிருக்கிறார். 1932-இல், தாழ்த்தப்பட்டோருக்குத் தனித்தொகுதி தருவதை எதிர்த்துப் புனேயில் இருந்த உண்ணாவிரதத்துக்குப் பிறகு, அதே தடைகள் இந்து சமூகத்தை நலியச் செய்கின்றன என்கிறார். 1935 நவம்பரில் சாதி போக வேண்டும் என்று தலைப்பிட்டே எழுதுகிறார். அடுத்த ஆண்டு அம்பேத்கருக்கு மறுப்பு எழுதும்போது, சாதி வேண்டாம், வருணம் வேண்டும் என்ற நிலையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். 1940-களின் நடுவிலோ, மணமக்களில் ஒருவர் தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவராக இருந்தால்தான் திருமணத்தை வாழ்த்துவேன் என்ற இடத்துக்கு வந்துவிட்டார். முன்னுக்குப்பின் முரணாகத் தெரிந்தால் என் எழுத்துகளில் பிந்தியதையே எடுத்துக்கொள்ளுங்கள் என்று 1933-இலேயே வாசகருக்குச் சொல்லியிருந்தார்.

இந்த மாற்றத்துக்கு அம்பேத்கர் மட்டுமே காரணம் என்று சொல்ல நான் துணியமாட்டேன். வைக்கம் போராட்டம் இருக்கிறது. 1925-இல் நாராயண குருவைச் சந்தித்தது இருக்கிறது. ஆந்திரத்து நாத்திகரான கோரா இருக்கிறார். கோராவின் தொடர்பைச் சற்று விரித்துச் சொல்ல ஆசை. கடவுளை நம்பாத ஒருவர், கடவுள் பெயரையே மூச்சாகக் கொண்ட ஒருவரிடம் போய், தீண்டாமையை ஒழிக்கக் கடவுள் நம்பிக்கை தடையாக இருக்கிறது என்று ஆசிரமத்திலேயே வாதிட்டார். காந்தி அவரை மாற்ற முயலவில்லை. அவரும் காந்தியை நாத்திகராக்கவில்லை. கோராவின் மகள் மனோரமா தாழ்த்தப்பட்ட சமூகத்து இளைஞரான அர்ஜுன் ராவை மணப்பது என்று முடிவானபோது, திருமணம் சேவாகிராமத்தில் நடக்கட்டும் என்றார் காந்தி. சடங்குச் சொற்களில் கடவுளின் பெயரால் என்பதற்குப் பதிலாக சத்தியத்தின் பெயரால் என்று சொல்லலாம் என்றும் ஒப்புக்கொண்டார். கடவுளே சத்தியம் என்று சொல்லிவந்தவர், சத்தியமே கடவுள் என்று மாற்றிச் சொல்வதாக 1931-இல் சுவிட்சர்லாந்தின் லோசானில் விளக்கியிருந்தார். கடவுளை மறுப்பவரும் சத்தியத்தை மறுக்கமாட்டார் என்பது அவர் காட்டிய காரணம். அந்தத் திருமணம் நடந்தது 1948 மார்ச்சில். நடத்திவைப்பதாகச் சொன்னவர் அப்போது உயிரோடு இல்லை.

இந்த ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. எந்த ஒரு வாதத்தின் முடிவிலும் காந்தி எழுந்து நின்று நான் தோற்றேன் என்று சொல்லவில்லை. வாதம் நடக்கும்போது மனிதர்கள் அநேகமாக மாறுவதில்லை. அவமானம், கோபம், கூட்டத்தின் கண்கள் எல்லாம் அப்போது நடுவில் நிற்கின்றன. கேட்ட சொல் உள்ளே போய்க் கிடந்து, வேறொரு நாளில், வேறொரு காரணத்தின் பெயரில் வெளியே வருகிறது. ஆகவே ஒருவர் மனந்திறந்தவரா என்று அறிய, அவர் வாதத்தில் எப்படி நடந்துகொண்டார் என்று மட்டும் பார்த்தால் போதாது. பத்து ஆண்டு கழித்து என்ன எழுதினார் என்று பார்க்க வேண்டும். டார்வின் இதற்கு நல்ல துணை. தம் கோட்பாட்டுக்குப் பொருந்தாத தகவல் கண்ணில் பட்டால் உடனே குறித்துவைப்பார். அவைதாம் நினைவிலிருந்து விரைவாக நழுவும் என்று அவர் கண்டிருந்தார். 1859-இன் முதற்பதிப்பிலேயே இடர்ப்பாடுகளுக்கென ஓர் இயல் உண்டு. 1872-இன் ஆறாம் பதிப்பில் எதிர்வாதங்களுக்கென்றே புதிதாக இன்னோர் இயலைச் சேர்த்தார்.

எதிர்ப்பை அச்சிடுவதே எதிர்ப்பைக் கேட்பதாகிவிடாது என்பதற்கும் காந்தியிடமே சான்று உண்டு; அதுவும் நம் திருநெல்வேலியில். 1934 ஜனவரி 15-இல் பீகாரில் பெரும் நிலநடுக்கம். ஹரிஜன யாத்திரையில் தமிழகத்தில் இருந்த காந்தி, சில நாள்களில் திருநெல்வேலிக் கூட்டத்தில், தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை அது என்று பேசினார். தாகூர் அதிர்ந்துபோனார். இயற்கை நிகழ்வை அறத்தோடு முடிச்சுப்போடுவது மக்களின் பகுத்தறிவின்மையை வளர்க்கும் என்று கடுமையாக மறுத்தார். காந்தி அந்த மறுப்பைத் தம் 'ஹரிஜன்' இதழிலேயே வெளியிட்டார். அடுத்துத் தம் நிலையிலேயே உறுதியாக நின்று பதிலும் எழுதினார். இந்த வழக்கில் தாகூர் பக்கமே நியாயம் என்பது என் முடிவு. அச்சிட்ட பெருந்தன்மை காந்தியின் வாதத்தைச் சரியாக்கவில்லை.

அம்பேத்கர் காந்தியிடம் சமாதானமாகப் போகவும் இல்லை. 1945-இல் காங்கிரஸும் காந்தியும் தீண்டப்படாதோருக்குச் செய்தது என்ன என்று தனி நூலே எழுதினார். 1955-இல் பிபிசிக்கு அளித்த நேர்காணலிலும் அவர் தீர்ப்பு கடுமையாகவே இருந்தது. இறுதியில் இருவரும் கைகோத்தார்கள் என்ற இனிய கதையை நான் உங்களுக்குத் தர முடியாது. தரவும் விரும்பவில்லை. வாதத்தால் இணக்கம் வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது, பாதிக்கப்பட்டவரைப் பார்த்து நீயும் கொஞ்சம் விட்டுக்கொடு என்று கேட்பதாகவே பல நேரம் முடிகிறது. காந்தி நகர வேண்டிய தூரம் இருந்தது, நகர்ந்தார். அம்பேத்கர் எந்தத் திசையில் நகர்ந்திருக்க வேண்டும்?

இனி நம் அவைகளைப் பற்றி. அறக்கட்டளைச் சொற்பொழிவு என்பது நம் பல்கலைக்கழகங்களிலும் தமிழ்ச் சங்கங்களிலும் நிலைத்த ஒரு நல்ல ஏற்பாடு. ஒருவர் ஒரு மணிநேரம் பேசுவார், தலைவர் பாராட்டுவார், நன்றியுரை, நாட்டுப்பண். உரை பின்னர் சிறு நூலாக வரும். அதில் மறுப்புக்கு எங்கும் இடம் இல்லை. பட்டிமன்றத்தில் மறுப்பு உண்டு. நான் விரும்பிக் கேட்கும் கலை அது. ஆனால் அங்கே பேச்சாளருக்கு அணி ஒதுக்கப்படுகிறது, தீர்ப்பை நடுவர் தருகிறார். எதிரணியின் வாதம் கேட்டு அணி மாறிய ஒருவரை நான் கண்டதில்லை. தொலைக்காட்சி விவாதங்களைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே இந்த அறக்கட்டளையின் பொறுப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த உரையின் எழுத்துப்படியை ஒரு வாரம் முன்பே கொடுத்திருக்கிறேன். இதை நூலாக்கும்போது, இதை மறுத்து இன்று பேசப்போகிறவர்களின் உரைகளையும், எழுத்தாக வரும் மறுப்புகளையும் வெட்டாமல் சேருங்கள். என் பதில் அவற்றுக்குப் பின்னால் வரட்டும், வராமலும் போகட்டும்.

எங்கே மறுக்கலாம் என்று நானே இரண்டு இடங்களைக் காட்டுகிறேன். காந்தியின் மாற்றத்தை நான் கருத்தின் மாற்றமாகப் படித்திருக்கிறேன். அரசியல் நெருக்கடியின் விளைவாகவே அதைப் படிக்க வேண்டும் என்போர் உண்டு. அவர்களிடம் 1932-ஆம் ஆண்டு வலுவான சான்றாக இருக்கிறது. இரண்டாவது: அம்பேத்கர் தம் நூலில் காந்திக்கு இடம் கொடுத்ததை நான் புகழ்ந்தேன். ஒடுக்கப்பட்டவர் தம்மை மறுப்பவருக்கு இடம் கொடுக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பே அநீதியானது என்று ஒருவர் இங்கே எழுந்து சொல்லக்கூடும். அந்தக் கேள்விக்கு முழுமையான பதில் என்னிடம் இல்லை. அதிலிருந்தே தொடங்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.